மாதக் கணக்கு தவறாதவருக்கு நாவல் மட்டும் ஏன் தவறுகிறது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்குக் கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வயதில் ஒரு குழந்தை. இரண்டு வருடத்துக்கு முன் தொடங்கிய நாவல் நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறது. நடுவில் நீர்வண்ண ஓவியம் கற்க ஆரம்பித்து, அதுவும் பாதியில் நிற்கிறது. புத்தகக் காட்சியில் ஆசையாக வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுவது என்று நாலைந்து முறை முடிவெடுத்தும், ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாளில் விட்டுப்போயிருக்கிறது. "எனக்குக் கட்டுப்பாடு என்பதே கிடையாதா? எழுத்து, வாசிப்பு, வீடு எல்லாவற்றையும் எப்படிச் சமன் செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் கட்டுப்பாட்டுச் சமாச்சாரம். கட்டுப்பாடு இல்லாத ஒருவர் கணக்குப் பிரிவில் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். மாதம் பிறந்தால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி வரிப் படிவங்களைப் போட்டாக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதத்திலும் நீங்கள் அதைப் போட்டிருப்பீர்கள். அந்த வேலை உங்களுக்கு நாவலைவிடப் பிடித்தமானது என்று நான் நம்பவில்லை. பிறகு ஏன் அது நடக்கிறது? அதற்கு ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். உங்கள் நாவலுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. "இன்று நாவல் எழுத வேண்டும்" என்பது "இன்று கணக்குப் பார்க்க வேண்டும்" என்பதைப் போல மொட்டையான வாக்கியம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்காளராலும் மாதத்தை முடிக்க முடியாது.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு ஆசிரியை. இதே காலத்தில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் ஒரு மொழிபெயர்ப்பும் முடித்திருக்கிறேன். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் எல்லாமே வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் முடிந்தவை. அதனால் எது நடக்கும், எது நடக்காது என்று ஓரளவு சொல்ல முடியும்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். அப்போது வயது 25-ஐத் தொடவிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று மூட்டை மூட்டையாகப் படித்தவர். அந்த அக்டோபர் 21-ஆம் தேதி, ஒரு வியாழக்கிழமை, ஊருக்குப் புதிதாக முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. பிறகு முதலியாரே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, இதைச் சேர்ந்து படிக்கலாம் என்றார்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது அதற்கு அப்புறம் நடந்ததை. ஒரு முன்சீபும் ஒரு கல்லூரி ஆசிரியரும், இருவருமே பகல் முழுக்க உத்தியோகத்தில் இருப்பவர்கள், புரியாத ஒரு காவியத்தை முன்னால் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உட்கார்ந்தார்கள். அடுத்த அமர்வுக்கு முதலியார் காத்திருப்பார் என்பதால் சாமிநாதையர் அதற்குள் பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையையும் பார்த்து வைத்தாக வேண்டியிருந்தது. சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை என்றபோது கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்று கேட்டால், எங்கள் வீட்டில் சிந்தாமணி படித்து முடித்திருக்கிறோம், அதற்காகத்தான் என்று பதில். தான் தவித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து கேட்டு முடித்திருக்கிறது! அவருடைய தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சிந்தாமணி அச்சாகி வந்தது 1887-இல். ஏழு வருடம். கல்லூரி வேலையை அவர் விடவில்லை. விடுமுறையில் சென்னைக்கு வந்து அச்சு வேலையைப் பார்த்துக்கொண்டார். அதே வேலையில் இருந்தபடியேதான் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை எல்லாம் வந்தன.

அந்த ஏழு வருடத்தை நினைத்துப் பாருங்கள். அதில் எத்தனை நாள் அவர் எதுவுமே செய்யாமல் இருந்திருப்பார்! ஊர்ப் பயணம், உடம்பு சுகமில்லாத நாள், வீட்டு விசேஷம், தேர்வுக் காலம். ஒரு நாளை மட்டும் எடுத்து அளந்தால் சமநிலை இருந்திருக்கவே இருக்காது. நீங்களும் ஒரு நாளுக்குள் எழுத்து, வாசிப்பு, ஓவியம், குழந்தை, அலுவலகம் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நாள் என்பது மிகச் சின்னப் பாத்திரம். குறைந்தது வாரம் என்கிற பாத்திரத்தையாவது எடுங்கள். வாரத்தில் மூன்று வேளை எழுத்துக்கு, நான்கு வேளை வாசிப்புக்கு என்று பிரித்தால், ஒரு செவ்வாய்க்கிழமை தவறினால் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த உதாரணம் இங்கிலாந்திலிருந்து. உங்களைப் போன்ற கணக்குக்காரருக்கு அது பிடிக்கும். ஆண்டனி டிரோலப் அங்கே தபால் இலாகாவில் 1834 முதல் 1867 வரை வேலை பார்த்தார். 47 நாவல்கள் எழுதினார், அதில் ஏறத்தாழப் பாதி அந்த வேலையில் இருந்துகொண்டே. காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று தன்னிடமே கறாராக வாங்குவார். ஒரு நாட்குறிப்பில் அன்றன்றைக்கு எத்தனை பக்கம் என்று எழுதி வைப்பார். எழுதாத நாள் அந்த ஏட்டில் வெறுமையாக நின்று முறைக்கும். பேரேடு மாதிரிதான். ஆனால் என் மனதில் நின்றது வேறு ஒரு விவரம். தன்னை எழுப்பிக் காப்பி கொடுக்கவேண்டும் என்று சொல்லித் தன் வயதான குதிரைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகத் தன்வரலாற்றில் எழுதினார். அவரும் தன் மனவுறுதியை நம்பிப் படுக்கவில்லை, கதவைத் தட்ட ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் படுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். டிரோலப்புக்குக் காப்பி வந்தது. சாமிநாதையருக்குச் சாப்பாடு இலையில் வந்திருக்கும். உங்கள் வீட்டில் அந்தக் காப்பியைப் போடுவது நீங்கள். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இடையில் இருக்கும் 202 நிமிடத்தில் ஒரு நாவல் இருக்கிறது. ஐந்து மணிக்கு எழ முடியவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். முந்தின இரவு பாத்திரம் துலக்கி, மாவை எடுத்து வைத்து, குழந்தையைத் தூங்கவைத்துப் படுக்கும்போது மணி என்ன? பதினொன்று, பதினொன்றரை? அப்படியானால் ஐந்து மணி என்பது உங்கள் தூக்கத்திலிருந்து திருடும் நேரம். பத்தாவது நாள் உடம்பு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

ஆகவே வீட்டில் பேசியாக வேண்டும். "எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள், ஏனென்றால் கொஞ்சம் என்பதற்கு அளவு கிடையாது. "செவ்வாயும் வியாழனும் இரவு எட்டிலிருந்து எட்டே முக்கால்வரை குழந்தை உங்களிடம், நான் மாடியில் இருப்பேன்" என்று கேளுங்கள். நான் கேட்ட முதல் மாதம் எங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். "அப்படி என்னத்தை எழுதிக் கிழிக்கப்போகிறாய்" என்பதும் காதில் விழுந்தது. மூன்றாவது மாதத்தில், வியாழக்கிழமை நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தால், "இன்றைக்கு எழுதப் போகவில்லையா?" என்று என் கணவரே கேட்டார். வீட்டுக்கு ஒரு வழக்கம் படிய அவ்வளவு நாள் ஆகும்.

இரவு நேரம் எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது நான் எழுதுவது பள்ளிக்கூடத்தில். பிரேயர் ஒன்பதே காலுக்கு. நான் எட்டரைக்கே போய்விடுவேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சு, ஜன்னலுக்குப் பக்கம். பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன், நல்ல நோட்டில் எழுதினால் கை தயங்குகிறது. கூட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரையின் வாசனை, சைக்கிள் ஸ்டாண்டில் முதல் மணி ஒலி. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஒரு வேளைக்கு இருநூறு வார்த்தை. வருடத்தில் இருநூறு பள்ளி நாள் இப்படிப் போனால் நாற்பதாயிரம் வார்த்தை, ஒரு சின்ன நாவல் அளவு. உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அலுவலகத்தின் சாப்பாட்டு அறை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரி, பிள்ளையை விடும் பள்ளிக்கு எதிரே இருக்கும் கோவில் மண்டபம், எதுவானாலும் சரி. "எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். "பிள்ளையை விட்டதும், அந்த மண்டபத்தில், ஒரு பக்கம்" என்று நேரத்தையும் இடத்தையும் அளவையும் சேர்த்துக் கட்டுங்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். அலமாரியில் இருக்கும் அத்தனை புத்தகங்களும் கடன்காரர்கள் மாதிரி உங்களைப் பார்க்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். வாசிப்பு கடன் கிடையாது, யாருக்கும் நீங்கள் பாக்கி வைக்கவில்லை. ஆனால் எழுதுகிறவர்களுக்கு வாசிப்பு ஒளிந்துகொள்ள நல்ல இடமும் ஆகும். எழுத்து முட்டிக்கொண்டு நிற்கும்போது, "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்" என்று தோன்றுமே, அந்தக் குரலை நான் நம்புவதில்லை. ஒரு வருடம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதும் வேளையில் புத்தகத்தைத் தொடுவதில்லை. படிக்கும் வேளை தனி, இரவு படுக்கும் முன் பத்துப் பக்கம். நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் வருடத்துக்கு 3650 பக்கம், நடுத்தரப் பருமனில் பதினைந்து புத்தகம். அது போதும்.

ஒரே நேரத்தில் இரண்டு புத்தகங்களுக்கு மேல் திறக்காதீர்கள். ஒன்று எழுதும் வேலைக்குத் தேவையானது, இன்னொன்று எந்தக் காரணமும் இல்லாமல் ஆசைக்கு. மற்றவை அலமாரியில் தூங்கட்டும். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் மூடிவைத்துவிடலாம், பாவமில்லை. முடிந்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சொந்தப் புத்தகம் பத்து வருடம் காத்திருக்கும். நூலகப் புத்தகத்தின் தாளில் திருப்பித்தரவேண்டிய தேதி முத்திரை விழுந்திருக்கும். 20-ஆம் தேதிக்குக் கட்டுப்படும் உங்கள் மனசு அந்த ஊதா முத்திரைக்கும் கட்டுப்படும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓவியம்? "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பார்கள். இந்த வருடம் நாவல்தான் அடுப்பில் இருக்கிறது என்று முடிவெடுங்கள். வண்ணப்பெட்டியைத் தூக்கிப் பரணில் போடவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் செய்தித்தாளை விரித்துக் குழந்தையோடு உட்கார்ந்து தீட்டுங்கள். முடிக்கவேண்டும், யாருக்காவது காட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல்.

அலுவலக வேலையே எழுத்துக்கு எதிரி என்று நீங்கள் எழுதிய வரியோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்தாளர் ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தத் தெருவின் சுமைதூக்கிகளும் சில்லறை வியாபாரிகளும் அலைந்து திரிகிறவர்களும்தான் அவருடைய கதைகள். கல்லாவில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்த கண் அது. உங்கள் நாவலின் முதல் நாற்பது பக்கத்தில் ஒரு கணக்கர்கூட இல்லை என்றால், அது ஏன் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வராத பாக்கிக்காக ஒரு சின்னப் பட்டறை முதலாளி தொலைபேசியில் பேசும் குரலை உங்களைப்போல் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பத்து நாளில் விட்டுப்போவதைப் பற்றி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் ஒரே வேளையில் ஒரு சின்னக் காரியத்தைச் செய்யச் சொல்லி, அது தானாக நடக்கும் பழக்கமாக மாற எவ்வளவு நாளாகிறது என்று பார்த்தார்கள். இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியங்களுக்கே இவ்வளவு. நீங்கள் பன்னிரண்டாம் நாளில் உங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. ஒரு நாள் தவறினால், "போச்சு, இனி அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து" என்று தள்ளிப்போடுவதுதான் உண்மையில் கெடுக்கிறது. புதன்கிழமை தவறினால் வியாழக்கிழமை உட்காருங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருவது இன்னும் கடினம், அதற்கு ஒரு வழி உண்டு. எடுத்ததும் புதிதாக எழுத முயலாதீர்கள். கடைசியாக எழுதிய இரண்டு பக்கத்தைக் கையால் அப்படியே திரும்ப எழுதுங்கள். முதல் நாள் அதுமட்டும் போதும். டிரோலப்பும் தினமும் முதல் அரைமணியை முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கே கொடுத்தார். இரண்டாவது நாள் நகலெடுக்கும்போது ஒரு சொல்லை மாற்றத் தோன்றும், பிறகு ஒரு வாக்கியத்தை. பக்கம் முடிந்த பிறகும் கை நிற்காமல் ஓடினால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு ஒரு இராமசாமி முதலியாரைத் தேடிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தாளராக இருக்கவேண்டாம், விமர்சகரும் வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிற ஒருவர் போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி, உங்களுடைய இரண்டு பக்கம்.

எனக்கு அப்படி ஒரு தோழி, எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர். பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் படிக்க, அவர் கேட்பார். பாராட்டுவது குறைவு. புரியாத இடத்தில் புருவத்தைச் சுருக்குவார், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு இராமநாதபுரம் பக்கம் மாறுதல் வந்தது. இனி முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக ஆறுமணிக்குக் கைபேசி அடித்தது. போன வாரம் பாதிப் பக்கத்தில் சிக்னல் போய்விட்டது. நான் தாள்களை எடுத்துவைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மறுபடி அழைப்பு. பக்கத்துத் தெருவரை நடந்து வந்து சிக்னல் பிடித்திருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "டீச்சர், அந்தப் பாட்டி கதவைத் திறந்தாளா இல்லையா?" என்றார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளைத் தேடினேன்.